வழிநடையும் வழிபாடும்

சிவபெருமான் எங்கும் நிறைந்தவன் என்பது சைவ நூல்கள் அனைத்திற்கும் ஒப்ப முடிந்த உண்மை. அணுவினும் அண்டத்தினும் அவன் இல்லாத இடம் இல்லையாயின், ஓரூரில் வாழும் அன்பன் தன் இல்லத்தையும் தொழிலையும் விடுத்து, வெயிலிலும் மழையிலும் வருந்தி, வேற்றூர்த் திருக்கோயிலை நாடிச் செல்லுதல் எற்றுக்கு? வீட்டு மூலையிலிருந்து நினைவார்க்கு அருளாதவன், மலையேறி வந்தார்க்கு மட்டும் அருளுவனோ? அங்ஙனமாயின் அவன் திருவருள் வழித்தொலைவினால் அளக்கப்படுவதாய் முடியும். அது சைவர்க்கு உடன்பாடன்று. இவ்வினா புதியதும் அன்று. புறச்சமயத்தார் நகைத்துக் கேட்பதும் உண்டு. சைவருள்ளேயே முதுமையானும் வறுமையானும் செல்லமாட்டாது ஏங்கியிருப்பார் கண்ணீரோடு கேட்பதும் உண்டு. முன்னவர்க்கு விடை கூறாதொழியினும் இழுக்கில்லை. பின்னவர்க்குக் கூறாதொழிதல் பெரிதும் இழுக்காம்.

வினாவின் கடுமை திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றிலேயே நன்கு புலனாகின்றது. பாவநாசத் திருக்குறுந்தொகை என வழங்கும் பதிகத்தில், கங்கை ஆடினும் காவிரி ஆடினும் குமரித்துறையிலும் பெருங்கடலிலும் முழுகினும், இறைவன் எங்கும் உளன் என்று கொள்ளாதார்க்கு அவற்றால் யாதொரு பயனும் இல்லை என அவர் வெளிப்படையாகக் கூறினார். அங்ஙனம் கூறிய அவரே முதுமையிலும் ஓயாது நடந்தவர். ஊர்தோறும் சென்று, கோயில்தோறும் உழவாரப் பணி செய்து, ஒரு தலத்தைத் தொழுது முடியுமுன் மற்றொரு தலத்தை நினைந்து உருகியவர். தீர்த்தமாடுதலைப் பயனற்றது என்று சொல்லிவிட்டு, அத்தீர்த்தங்களையே நாடி நடந்தாரெனின், சொல்லும் செயலும் முரணினவோ? முரணுவதாகக் கொள்வார் அப்பதிகத்தைப் பாதி மட்டும் கேட்டவராவர். தீர்த்தம் பயனற்றது என்பது ஆண்டுக் கருத்தன்று. உணர்வு இல்லாதவன் எத்துணைத் தீர்த்தம் ஆடினும் அவ்வுணர்வு நீரிலிருந்து வந்து அவனைப் பற்றாது என்பதே கருத்து. அற்றேல், உணர்வு உடையவனுக்கு ஆடுதல் எற்றுக்கு என்னும் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாற்றை எடுத்துக்காட்டி, மனத்தளவே அமையும் என்பாரும் உளர். காடவர் கோமான் காஞ்சியிற் கல்லால் எடுத்த கோயிலினும், பூசலார் மனத்தால் எடுத்த கோயிலை இறைவன் முற்பட விரும்பினான் என்பது உண்மையே. ஆயின் அவர் முதற்கண் பொருள் தேடி எங்கும் முயன்று பெறாமையினாலேயே மனக்கோயில் தொடங்கினார் என்பதும், தொடங்கிய பின்னர் அடிநிலை முதல் சிகரம் ஈறாக ஒவ்வோருறுப்பையும் நாள் பார்த்து, இரவும் துயிலாது, சிந்தையில் நிறுவினார் என்பதும் மறக்கற்பாலன அல்ல. கல்தச்சர் பலர் கூடிச் செய்யும் வேலையைத் தனியொருவராய்ச் செய்தவர் அவர். திண்ணையிற் சாய்ந்திருந்து, எல்லாம் மனத்தில் உளது என்பார்க்கு அப்பெரியார் சான்றாகார்.

இனிச் சித்தாந்தம் கூறும் விடையை நோக்குக. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னருகே வைத்த மலரின் நிறத்தைத் தான் கொள்வதுபோல, உயிரும் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்கும். இறைவன் எங்கும் உளன் என்பது அவனியல்பைப் பற்றிய உண்மை. உயிர் எதனைச் சார்ந்துளது என்பதோ உயிரின் நிலையைப் பற்றிய உண்மை. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குதலினாலேயே மேலை வினா எழுகின்றது. ஞாயிற்றின் ஒளி எங்கும் பரந்திருப்பினும், கதவடைத்த அறையுள் இருப்பவன் இருளையே சார்ந்திருக்கின்றான். அவன் வெளியே வருவது, வெளியே மட்டும் ஞாயிறு உண்டு என்பது பற்றியன்று. மெய்கண்ட தேவரும் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மலம் நீங்கி மெய்யுணர்வு பெற்றவரும் உடலோடு கூடி நிற்குந்துணையும் அடியார் கூட்டத்தையும் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சார்ந்து தொழுது நிற்கவேண்டுமென விதித்தார். பெற்றவர்க்கே அச்சார்பு இன்றியமையாததாயின், இன்னும் பெறாது உழல்வார்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

ஒருவன் தன் இல்லத்தில் இருக்கும்போது எவற்றைச் சார்ந்திருக்கின்றான் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பெட்டகமும் அதன் திறவுகோலும், பத்தாயத்து நெல்லும், வரவேண்டிய கடனும், அண்டை வீட்டானோடு வேலி பற்றிய வழக்கும், தன்னை ஊரார் அழைக்கும் பட்டப் பெயரும், காலையில் இன்ன நேரத்தில் இன்ன உணவு வரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அவனைச் சூழ்ந்து நிற்கின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் தன்னளவில் குற்றமுடையதன்று. ஆயினும் ஒவ்வொன்றும் ‘எனது’ என்னும் ஒரு நூலைத் திரித்து அவனைக் கட்டுகின்றது. நாளடைவில் அந்நூல்களே அவன் என்று அவனுக்குத் தோன்றுகின்றது. பூசையறையில் அமர்ந்து கண்மூடிய கணத்திலும் வாயிலிற் கேட்கும் அடியோசை கடன்காரனுடையதோ உறவினனுடையதோ என்று செவி ஓடுகின்றது. இறைவன் அவ்வறையிலும் உளன். சாரவேண்டிய உயிரோ அங்கு இல்லை.

அவனே ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுகின்றான் என்க. கட்டும்பொழுதே ஒரு தேர்வு நிகழ்கின்றது. தோளில் எடுத்து நடக்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவே உடன் வரும். மாற்றுடை ஒன்று, ஒரு செம்பு, திருநீற்றுப் பை, கட்டுச்சோறு, தேவாரத் திரட்டு என இவ்வளவில் மூட்டை நிறைந்துவிடுகின்றது. முதல் நாள் இன்றியமையாதது என்று எடுத்த பொருள்களுட் சில, மூன்றாம் நாள் வழியில் யாருக்கேனும் கொடுக்கப்படுகின்றன. துறவைப் பற்றி நூறு நூல் கற்றும் விடமாட்டாத பொருளைத் தோள்வலி விடச்செய்கின்றது. இது நகைப்பிற்குரிய செய்திபோலத் தோன்றினும், உடம்பின் வழியாகவன்றி உயிர்க்கு அறிவு விளங்குதல் இல்லை என்னும் சித்தாந்தக் கருத்தோடு நன்கு பொருந்துவதேயாம்.

பழைய தமிழ்நாட்டுப் பெருவழிகளில் சுமைதாங்கி என்றோர் அமைப்பு இருந்தது. இன்றும் சிற்சில இடங்களில் எஞ்சி நிற்கின்றது. இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவன், பிறர் கைதர வேண்டாது, தானே தன் சுமையை அதன்மேல் இறக்கி, இளைப்பாறிய பின் மீளவும் தானே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அஃது அமைந்திருக்கும். கருவுற்றிருந்து மகப்பேற்றிற்கு முன் இறந்த பெண்டிர் நினைவாக அவர் சுற்றத்தார் அதனை நாட்டுவது வழக்கம். இறக்கமாட்டாத சுமையோடு சென்ற உயிர்க்கு, வழிப்போவார் சுமையை இறக்கும் கல்லே நினைவுச் சின்னம் என்று கண்ட நாட்டு மக்களின் நெஞ்சம் எத்தகையது! புலவர் பாடாது விட்ட பெருங்கருத்துக்களுள் இதுவும் ஒன்றென்னலாம்.

சுமை குறைதல் யாத்திரையின் ஒரு பகுதியே. பசித்திருந்து பிறர் கையிற் பெறுதல் அதனினும் அரிய பகுதி. இல்லத்தில் கொடுப்பவனாக மட்டும் இருந்து பழகிய செல்வன், வழியில் வாங்குபவனாகின்றான். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நீரும் நிழலும் இன்றித் திருநாவுக்கரசர் இளைத்தபோது, இறைவன் ஓர் அந்தணர் வடிவில் குளமும் சோலையும் அமைத்துப் பொதிசோறு தந்து, உடன் நடந்து வந்து, ஊரணித்தாய போது மறைந்தனன் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். திருக்குருகாவூர் வழியில் நம்பியாரூரர்க்கும் தண்ணீர்ப் பந்தரும் பொதிசோறும் அங்ஙனமே வாய்த்தன. திருக்கச்சூரில் நண்பகற் பொழுதில் அவர் பசித்திருந்தபோது, இறைவன் வீடுதோறும் சென்று இரந்து கொணர்ந்து ஊட்டினான். இவற்றிலே கருதற்பாலது ஒன்றுண்டு. சோறு தந்தவன் இறைவன் என்பது பெறும்பொழுது அவர்க்குத் தெரிந்திலது; வழியிற் கண்ட ஒருவர் என்றே கொண்டனர். அறியாத ஒருவர் கையிலிருந்து சோறு பெறும் நிலை வீட்டிலிருந்தபடியே வாய்ப்பதன்று.

திங்களூர் அப்பூதியடிகள் இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றார். தாம் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தரும் அறச்சாலையும் குளமும் சோலையும் அமைத்து, மக்கட்கும் அப்பெயரையே இட்டிருந்தார். வழிநடை வருத்தத்தோடு வந்த சுவாமிகள் அப்பந்தரிலேயே தம் பெயரைக் கண்டார். நடந்தவர் இலராயின் பந்தரும் இல்லை. பந்தர் வைப்பார் இலராயின் நடப்பாரும் இலர். வழியில் நிற்பவனுக்கும் யாத்திரைப் பயன் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வறம் பிற்காலத்தும் குன்றவில்லை. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேச்சுரம் செல்லும் வழியிற் பல சத்திரங்கள் கட்டினர். இரண்டாம் சரபோசி மன்னர் 1801 ஆம் ஆண்டில் ஆங்கில அதிகாரிக்கு விடுத்த ஒரு கடிதத்தில் அச்சத்திரங்களின் நடைமுறையை எடுத்துரைத்தார். சாதி வேறுபாடின்றி யாவர்க்கும் அன்னம் அளிக்கப்படும் என்பதும், சமைத்த சோறு கொள்ளாதார்க்கு அரிசியாகவே தரப்படும் என்பதும், நோயுற்றார்க்கு மருத்துவமும் கருவுற்ற பெண்டிர்க்கு வேண்டுவனவும் செய்யப்படும் என்பதும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதார் உளரோ என்று அழைக்கப்படும் என்பதும் அதன்கண் உள்ளன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவர் காலத்தில் 1802 இல் எழுந்தது. காசிக்குச் செல்லும் தமிழர் பொருட்டு நகரத்தார் 1863 ஆம் ஆண்டில் அங்கே சத்திரம் நிறுவினர். அந்நள்ளிரவு மணியோசையைக் கேட்டு எழுந்து உண்ட வழிப்போக்கன், உலகு தன் கைப்பொருளால் மட்டும் நடைபெறவில்லை என்பதைச் சோற்றோடு சேர்த்து உண்டான்.

இக்காலத்து எழும் தடை வேறொன்று. கால்நடை ஒழிந்தது, ஊர்திகள் பெருகின. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்படுமுன் இராமேச்சுரம் செல்வார் படகேறிக் கடல் கடந்தனர். அதன்பின் புகைவண்டி தீவிற்கே சென்றது. 1988 இல் சாலைப் பாலமும், 2025 இல் புதிய இருப்புப்பாதைப் பாலமும் திறக்கப்பட்டன. பல திங்கள் சென்ற காசி வழி இன்று சில மணி நேரத்து வானூர்திச் செலவாயிற்று. ஆகவே யாத்திரை என்பதே இறந்தொழிந்தது என்று வருந்துவாரும், கால்தேய நடந்தாலன்றிப் புண்ணியம் இல்லை என்று பிறரை இழித்துரைப்பாரும் உளர்.

பின்னையோர் கூற்றுத் திருத்தொண்டர் வரலாற்றுக்கு மாறானது. திருஞானசம்பந்த மூர்த்திகள் இளமையில் தந்தையார் தோள்மேலும் பின்னர் நடந்தும் சென்றனர்; அத்திருவடிகள் நோதல் பொறாத இறைவன் திருவரத்துறையில் முத்துச்சிவிகையும் குடையும் சின்னமும் அருளினான். இறைவனே ஊர்தி தந்தானாயின், ஊர்தி யாத்திரைக்கு இழுக்காதல் எங்ஙனம்? அவர் அச்சிவிகையில் திருப்பூந்துருத்தியை அணுகிய காலை, அப்பர் யாண்டையார் என்று வினவ, சிவிகை தாங்குவாருள் ஒருவராய்க் கூட்டத்தினுள்ளே மறைந்து வந்த நாவுக்கரசர் கீழிருந்து விடை கூறினார். உடனே சம்பந்தர் பதைத்து இழிந்து வணங்கினார். ஒரே வழியில் ஒருவர் சிவிகையின் மேலும் ஒருவர் அதன் கீழும் வந்தனர்; இருவருள் யார் யாத்திரை உயர்ந்தது என்று எவரும் ஆராய்ந்திலர். மேலிருந்தவர்க்குத் தாம் மேலிருக்கின்றோம் என்னும் எண்ணம் இல்லை. கீழிருந்தவர்க்குச் சுமக்கின்றோம் என்னும் எண்ணம் இல்லை. ‘யான்’ என்பது இருவரிடத்தும் இல்லாமையால் ஊர்தி அங்கே ஒரு பொருளாகவில்லை.

குற்றம் வண்டியிலன்று, வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்லுதலில் உளது. ஒரு பகலில் ஒன்பது கோயில் காட்டப்படும் என்று விளம்பரம் செய்து அழைத்துச் செல்லும் பேருந்தில் ஏறினவன், ஐந்தாம் கோயிலில் நிற்கும்போது ஆறாம் கோயிலை எண்ணுகின்றான். ஆறாம் கோயிலில் உணவு கிடைக்குமோ என்று எண்ணுகின்றான். கைப்பேசி வழியே கடைக்கணக்கும் மகன் தேர்வும் அயலான் வழக்கும் உடன் வருகின்றன. கருவறை முன்னும் அக்கருவியை உயர்த்திப் பிடித்துத் தன் முகத்தையே காண்கின்றான். வரிசையில் நில்லாது மிகுகட்டணம் தந்து முன்சென்று தொழுவதைத் தன் செல்வாக்கென்று பிறர்க்குக் கூறுகின்றான். மீளும்பொழுது மூட்டை புறப்பட்டதினும் பெரிதாயிருக்கின்றது. இத்தனை தலம் கண்டேன் என்னும் எண்ணிக்கை, முன்னில்லாத ஒரு புதிய உடைமையாய் வீட்டிற் சேர்கின்றது. பாடல்பெற்ற தலங்கள் 274 என்பர். அவையனைத்தையும் தொழுதல் பெரும்பேறே. எண்ணித் தொழுதல் வேறு, எண்ணிக்கையைத் தொழுதல் வேறு.

புகைவண்டியில் ஏறியும் யாத்திரையின் முழுப்பயனைப் பெற்றார் ஒருவர் அணிமைக் காலத்தே இருந்தார். அவர் திருவண்ணாமலை இரமண முனிவர். அவர் கொள்கையிற் சித்தாந்தத்திற்கு வேறுபட்ட பகுதிகள் உளவேனும், அவரை முதன்முதல் உருக்கிய சமய நூல் பெரியபுராணமேயாதலின் சைவர் அவரை அயலாராகக் கருதற்கில்லை. 1896 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பதினாறு வயதுச் சிறுவராய் மதுரையில் பயின்றபோது, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்காகப் பெட்டியிலிருந்த ஐந்து உரூபாயில் மூன்றை மட்டும் எடுத்து, எஞ்சிய இரண்டினையும் ஒரு குறிப்பையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்க இரண்டு உரூபாய் பதின்மூன்று அணா ஆயிற்று. விழுப்புரத்தில் இறங்கினார், எஞ்சிய காசு அளவிற்கு மாம்பழப்பட்டு வரை வண்டியேறிச் சென்று, அதன்பின் நடந்து அறையணிநல்லூர்த் திருக்கோயிலை அடைந்தார். கீழூரில் ஒரு வீட்டார் உணவளித்தனர்; காதிற் கிடந்த கடுக்கனை அடகு வைத்து நான்கு உரூபாய் பெற்றார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்து இறைவனைத் தொழுத பின், எஞ்சிய காசையும் தின்பண்டப் பொதியையும் குளத்தில் எறிந்தார். கடுக்கனை மீட்டற்குரிய சீட்டையும் முன்னரே கிழித்துவிட்டார். 1950 ஆம் ஆண்டு ஏப்பிரலில் உடல் நீங்குங்காறும் அவர் அவ்விடத்தினின்றும் பெயர்ந்திலர். ஐந்தில் இரண்டை விட்டுச் சென்ற அந்த நேர்மையும், இனித் திரும்பச் செலவுக்கு ஒன்றும் வேண்டா என்று கண்ட அத்துணிவும் நடந்த வழியினும் பெரியன.

இனிச் செல்லமாட்டாதார் நிலை. ஆதனூர்த் திருநாளைப்போவார், தம் பிறப்பினை எண்ணித் தில்லைக்குச் செல்ல அஞ்சி, ஆசை மீதூர நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று பன்னாள் கழித்தனர். கதவடைத்த குற்றம் அடைத்தாருடையது. அக்குற்றம் நெடுங்காலம் நிலைத்து, 1939 ஆம் ஆண்டு மதுரைத் திருக்கோயிலில் தடை நீங்கித் தாழ்த்தப்பட்டோர் உட்புகுந்த நாள்வரையும், அதற்குப் பின்னும், சைவ உலகிற்கு மாசாயிருந்தது என்பதை மறைத்தலால் பயனில்லை. நாளைப்போவாரது வழிநடை ஆதனூரிற் கிடந்து ஏங்கிய நாட்களிலேயே பெரும்பாலும் நடந்து முடிந்தது. தருமபுரத்து மாசிலாமணி தேசிகர், துறவு வேண்டி நின்ற குமரகுருபரரைக் காசியாத்திரை செய்து வருக என்று பணித்தார். அது நெடுங்காலம் கொள்ளுமே என்று அவர் வருந்தியது கண்டு, சிதம்பரவாசமேனும் செய்க என்று இரங்கினார். தொலைவு குருவின் நோக்கமாயிருப்பின் அங்ஙனம் மாற்றியிரார்.

இதற்கெல்லாம் சிகரமாவது காளத்தியில் நிகழ்ந்தது. திருஞானசம்பந்தர் திருக்காளத்தி மலையைத் தொழுதபின், அப்பாற்பட்ட வடநாட்டில் தமிழ் வழங்காமையின் மேற்செல்லாது, ஆண்டிருந்தே கயிலை, கேதாரம், கோகரணம் முதலிய தலங்களைப் பாடினார். இராமேச்சுரத்திலிருந்தும் அவ்வாறே கடல் கடவாது ஈழத்துத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார். இல்லத்தில் இருந்து ஏங்கும் முதியோர்க்கு இதனினும் சிறந்த ஆறுதல் வேண்டுவதில்லை. ஆயின் அதே காளத்தியில் நின்ற திருநாவுக்கரசர்க்குப் பாடுதல் அமையவில்லை. கயிலையைக் கண்ணாற் காணல் வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. முதிர்ந்த பருவத்தில் வடக்கு நோக்கி நடந்தார்.

அச்செலவைச் சேக்கிழார் கூறும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. திருப்பருப்பதம் கடந்து, கன்னடமும் மாளவமும் கடந்து, வாரணாசியை அடைந்தார். உடன் வந்த அடியாரை ஆண்டே விடுத்துத் தனியே சென்றார். பின் இலையும் கிழங்கும் உண்டலையும் விடுத்தார். இரவும் பகலும் என்னும் வேறுபாட்டை விடுத்தார். அடிகள் தேய்ந்தன, கைகளால் ஊன்றித் தாவினார். கைகள் தேய்ந்தன, மார்பினால் உந்தினார். மார்பும் தேய்ந்து எலும்பு முரிய, உடம்பினாற் புரண்டார். அதுவும் இயலாதாகக் கிடந்தார். முதலில் துணை, பின் உணவு, பின் கால், பின் கை, பின் உடம்பு என ஒவ்வொன்றாகச் சுமை இறக்கப்பட்டமை காண்க. இவையெல்லாம் இறக்கப்பட்ட பின்னும் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அது கயிலையை அங்கே சென்று காண்பேன் என்னும் வேட்கை. முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர் அடைதற்கு அரிது, மீள்க என்று கூறினான். இவ்வுடம்பு கொண்டு காணாது மீளேன் என்று அவர் மறுத்தனர்.

இன்று கயிலைக்குச் செல்வார், 6,638 மீட்டர் உயர்ந்த அம்மலையை ஏறக்குறைய 52 கிலோமீட்டர் சுற்றி வலம் வருகின்றனர். தோல்மா கணவாய்க்கு ஏறுமுன் ஓரிடத்தில் திபெத்தியர் தாம் உடுத்த ஆடையொன்றையோ தலைமயிரையோ இட்டுச் செல்வது வழக்கம். பழைய பிறவியை ஆண்டே விட்டுச் செல்கின்றனர் என்பது அதன் குறிப்பு. மொழியும் சமயமும் வேறாயினும், அப்பர் பெருமான் உடம்பினால் உரைத்ததை அவர் ஓர் ஆடையினால் உரைக்கின்றனர். இந்தியாவிலிருந்து செல்லும் அவ்வழி 2020 முதல் ஐந்தாண்டு அடைபட்டிருந்து 2025 இல் மீளத் திறக்கப்பட்டது. அடைபட்டிருந்த அவ்வாண்டுகளில் கயிலை காண விழைந்தோர் எங்கே சென்றிருக்க வேண்டும் என்பதற்கு விடை அப்பர் வரலாற்றிலேயே உளது. இறைவன் அவர் தேய்ந்த உடம்பை மீளத் தந்து, அருகிருந்த பொய்கையில் மூழ்குக, நம்மைத் திருவையாற்றிற் காண்பாய் என்று பணித்தான். வடமலைச் சாரலில் மூழ்கியவர் காவிரிக்கரையில் எழுந்தார்.

எழுந்தவர் கண்டது யாது? களிறும் பிடியும், சேவலும் பேடையும், குயில்களும் மயில்களும் நாரைகளும் கிளிகளும் ஏறும் ஆவும் இணை இணையாய் வருவன. இவை ஐயாற்றில் நாடோறும் வருவனவே. அவ்வூர்ச் சிறுவரும் கண்டிருப்பர். முன்பு அவ்வூரைப் பலகாற் கடந்து சென்ற அடியாரும் கண்டிருப்பர். சுவாமிகளோ அவ்விணைகளில் அம்மையையும் அப்பனையும் கண்டார். முன் கண்டிராத ஒன்றைக் கண்டதாக வியந்து பாடினார். கோயில் கயிலையாய்த் தோன்றியது. பின் அத்தோற்றம் மறைந்தபோது சிறிது வருந்தி, அதுவே திருவருட் குறிப்பெனத் தெளிந்தார். காளத்தியில் நின்று பாடிய பிள்ளையாரும், கயிலை வரை தேய்ந்து மீண்ட அரசும் முடிவில் ஒரே இடத்தில் நின்றனர். ஒருவர் செல்லாதே சென்றார். ஒருவர் சென்று, சென்ற இடத்தையும் விட்டார். வழியெல்லாம் நடந்த பின்னரே ஐயாறு கயிலையாயிற்று என்பதும் ஈண்டு மறக்கற்பாலதன்று.

கயிலையிலிருந்து மீண்ட பின்னும் அவர் உழவாரத்தை விடவில்லை. யாத்திரை முழுதும் அவர் கைக்கொண்ட பொருள் அது ஒன்றே. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் சிறு கருவி. தம் பொருட்டு அவர் அதனைக் கொண்டிலர். முடிவுக் காலத்தில் திருப்புகலூரில் அவர் பணி செய்கையில், உழவாரம் சென்ற இடந்தோறும் பொன்னும் நவமணிகளும் பருக்கைக் கற்களோடு கிடந்து ஒளிரும்படி இறைவன் செய்தான். சுவாமிகள் பொன் என்று எடுத்துப் பார்த்திலர். தீயது என்று வெறுத்துத் தள்ளியும் இலர். புல்லும் பருக்கையும் போலவே அவற்றையும் ஒருங்கே உழவாரத்தில் ஏந்தி, அருகிருந்த குளத்தில் எறிந்துவிட்டு, எஞ்சிய புல்லைச் செதுக்கத் தொடங்கினார்.